முழங்காலில் நின்று கற்ற டைவிங்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஸ்கூபா டைவிங்கின் முதல் இரண்டு கோர்ஸ்களான ஓபன் வாட்டர், அட்வான்ஸ்டு இரண்டையும் முடித்து 40 டைவ் போட்டவர். படகில் தன்னோடு வருகிறவர்களில் பலர் காலில் மாட்டிய ஃபின்ஸால் பவளத்தை உதைப்பதையும், கைகளால் துழாவி நீந்துவதையும், அரை மணி நேரத்திலேயே காற்று தீர்ந்து மேலே போவதையும் பார்த்திருக்கிறார். தானும் அப்படித்தானோ என்று அவருக்குச் சந்தேகம். "ஸ்கூபா பயிற்சியின் தரம் குறைந்துவிட்டதா? இல்லை, பொழுதுபோக்காக டைவ் செய்கிறவர்களுக்குத் தேற வேண்டும் என்ற ஆசையே கிடையாதா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது சந்தேகத்தை இன்ஸ்ட்ரக்டர்கள் வாயிலிருந்து நிறையக் கேட்டிருக்கிறேன். "அவங்களுக்கு மீன் பார்த்தால் போதும், போட்டோ எடுத்தால் போதும், கற்றுக்கொள்ள யாருக்குப் பொறுமை இருக்கு" என்பார்கள். நானும் சில வருடம் அப்படி நம்பினேன். இப்போது நம்புவதில்லை. ஆர்வம் மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள், பயிற்சி நாம் கொடுக்கும் பொருள் என்று பிரித்துப் பேசுவதிலேயே கோளாறு இருக்கிறது. நன்றாக டைவ் செய்வது எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது உடம்பால் உணர்ந்தவருக்கு ஆசை தானாக வருகிறது. உணராதவருக்கு எதன்மேல் ஆசைப்படுவது என்றே தெரியாது. அந்த ஒருமுறையைக் கொடுக்க வேண்டியது முதல் பயிற்சி. பெரும்பாலான முதல் பயிற்சிகள் அதைக் கொடுக்காமலே முடிந்துவிடுகின்றன.

ஒருவர் நினைவுக்கு வருகிறார். 60 டைவுக்கு மேல் போட்டவர், ஒன்றரை வருட இடைவெளிக்குப் பிறகு பழகிக்கொள்ள வந்திருந்தார். 5 மீட்டர் ஆழத்தில் மணல் தரைக்கு இறங்கினோம். தரையைத் தொட்டதும், நான் எதுவும் காட்டாமலே, முழங்காலை மடக்கி மண்டியிட்டு என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்குள் தண்ணீர் விட்டு வெளியேற்றச் சொன்னேன், சுத்தமாகச் செய்தார். மூச்சுக்கு வாயில் வைக்கும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தேடிப் பிடிக்கச் சொன்னேன், அதையும் செய்தார். சரி, இப்போது தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே மிதந்துகொண்டே மாஸ்க்கைச் சுத்தம் செய்யுங்கள் என்று சைகை காட்டினேன். மூச்சை இழுத்துப் பிடித்தார், தலையைப் பின்னால் சாய்த்தார், மேலே போக ஆரம்பித்தார், பதறிப்போய் பிசிடியிலிருந்த (மிதப்பைக் கூட்டிக் குறைக்கக் காற்று அடைக்கும் ஜாக்கெட்) காற்றை மொத்தமாக வெளியே விட்டார், கல் மாதிரி மணலில் வந்து விழுந்தார். கலங்கிய மண்ணில் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மாஸ்க் சுத்தம் செய்யத் தெரியும் என்று 60 டைவ் வரை அவர் நம்பியிருந்தார். அவருக்குத் தேர்ச்சிக் கார்டு கொடுத்தவரும் நம்பியிருப்பார். அவருக்குத் தெரிந்தது மண்டியிட்டு மாஸ்க் சுத்தம் செய்வது. கடலில் மாஸ்க்கில் தண்ணீர் புகும்போது மண்டியிட மணல் இருக்கும் என்று யார் சொன்னது? 15 மீட்டரில், பவளச் சுவர் ஓரமாக, காலுக்குக் கீழே வெறும் நீலம் மட்டும் இருக்கும்போதும் அது புகும்.

மேலே வந்ததும், மூழ்குவதற்காக அவர் கட்டியிருந்த ஈய எடையைப் பார்த்தேன். இடுப்பில் 10 கிலோ. ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, "கோர்ஸில் இதைத்தான் கொடுத்தாங்க, அப்போதிலிருந்து இதையே கேட்டு வாங்கிக்கிறேன்" என்றார். தண்ணீர்மட்டத்தில் நிறுத்தி, பிசிடியைக் காலி செய்து, சாதாரணமாக மூச்சை வைத்துக்கொண்டு கண்மட்டத்தில் மிதக்கிறாரா என்று பார்த்தோம். சிலிண்டரில் காற்று குறையும்போது வரும் லேசுத்தனத்துக்கும் இடம் விட்டு, அவருக்கு 6 கிலோ தாராளமாகப் போதும் என்று தெரிந்தது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்று என்றால் 2,400 லிட்டர் (பார் என்பது அழுத்த அளவு, கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1 பார்). அதுவே கிட்டத்தட்ட 3 கிலோ எடை. 50 பாருக்கு வரும்போது 2 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்திருக்கும். இந்தக் கணக்கைச் சேர்த்த பிறகும் 4 கிலோவை அவர் வீணாகச் சுமந்துகொண்டிருந்தார்.

4 கிலோதானே என்று தோன்றும். 4 கிலோ கூடுதல் எடையைச் சமன்செய்யப் பிசிடியில் 4 லிட்டர் கூடுதல் காற்று அடைக்க வேண்டும். 10 மீட்டரில் அழுத்தம் 2 பார். 5 மீட்டருக்கு ஏறினால் 1.5 பார். அந்த 4 லிட்டர் 5.3 லிட்டராக உப்பிவிடும், ஒரு கிலோவுக்கு மேல் மேல்நோக்கித் தூக்கும். அதாவது கொஞ்சம் மேலே போனால் இன்னும் மேலே இழுக்கும், கொஞ்சம் கீழே போனால் இன்னும் கீழே இழுக்கும். சரியான எடை வைத்திருப்பவருக்கும் இந்த விளைவு உண்டு, ஆனால் அதை அவர் மூச்சாலேயே சரிசெய்துகொள்வார். கூடுதல் எடைக்காரர் பொத்தானை அழுத்தி, காற்றை விட்டு, மறுபடி அழுத்தி என்று டைவ் முழுக்கப் போராடுகிறார்.

கேள்வியில் சொன்ன காட்சிகள் எல்லாம் இந்த ஒரே சங்கிலியில்தான் தொங்குகின்றன. எடை இடுப்பில், காற்று மார்பிலும் தோளிலும். அதனால் கால் தாழ்ந்து தலை தூக்கி, உடம்பு சாய்வாக நிற்கிறது. சாய்வாக நின்று உதைத்தால் ஒவ்வொரு உதையும் முன்னால் தள்ளுவதோடு மேலேயும் தள்ளும். மேலே போகாமல் இருக்க அவர் தன்னைக் கொஞ்சம் கனமாகவே வைத்துக்கொள்கிறார். கனமாக இருப்பதால் உதையை நிறுத்தினால் மூழ்குகிறார். அதனால் நிறுத்தவே முடியாது. ஒரு மீனைப் பார்க்க நின்றால்கூடக் காலும் கையும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கால்தான் பவளத்தில் படுகிறது, அந்த ஓயாத உழைப்புதான் காற்றைத் தின்கிறது. பார்க்கிறவர் "இவருக்கு அக்கறையில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார். அக்கறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் படகில் ஏறும்போதே 4 கிலோ அதிகமாக மாட்டியிருந்தார்.

அந்த 4 கிலோ ஏன் வந்தது என்பதற்குப் பதில் மண்டியிடலில் இருக்கிறது. பதற்றமான புது மாணவர் நுரையீரலை நிரப்பி வைத்துக்கொள்வார், எளிதில் இறங்கமாட்டார். வரிசையாக மண்டியிட வைத்துச் சொல்லிக்கொடுக்க, அவர் அசையாமல் தரையோடு இருக்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி இன்னும் 2 கிலோ கொடுப்பது. இன்ஸ்ட்ரக்டர் பக்கமிருந்து இதில் ஒரு நியாயமும் உண்டு: ஆறு பேரை ஒரே நேரத்தில் கண்ணில் வைத்திருக்க, அவர்கள் ஒரே இடத்தில் இருப்பது பாதுகாப்பு. ஆனால் அந்த வசதிக்காக வைத்த எடையையும் அந்தத் தோரணையையும் மாணவர் தன்னோடு கடலுக்கு எடுத்துப் போகிறார். முதலில் பழகியதுதான் உடம்பில் தங்கும். பதறினால் உடம்பு அங்கேதான் திரும்பும்.

நேரக்கணக்கையும் பார்க்கலாம். ஓபன் வாட்டர் கோர்ஸில் கடலில் 4 டைவ். ஒவ்வொன்றும் அரை மணி என்றால் 2 மணி நேரம். ஆறு மாணவர்கள், ஒரு பயிற்சிக்கு ஒருவருக்கு 2 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 12 நிமிடம். ஒவ்வொருவரும் 2 நிமிடம் செய்கிறார், 10 நிமிடம் காத்திருக்கிறார். காத்திருப்பது எப்படி? மண்டியிட்டுத்தான். அந்த 10 நிமிடமும் மிதந்துகொண்டே காத்திருந்தால், கோர்ஸ் முடியும்போது மாணவருக்கு மிதப்பதில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பழக்கம் ஆகியிருக்கும். கோர்ஸை ஒரு நாள்கூட நீட்ட வேண்டாம். மிதந்தபடியே சொல்லிக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டர்கள் இருக்கிறார்கள். முதல் குளப் பயிற்சியிலேயே எடையைச் சரிபார்த்து, தரையைத் தொடாமல் எல்லாவற்றையும் பழக்குவார்கள். முதல் அரை நாள் மெதுவாகப் போகும், அதன்பிறகு எல்லாம் வேகமாகப் போகும். நானும் முதல் சில வருடங்கள் மண்டியிட வைத்தே கற்பித்தேன். எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். அந்த மாணவர்களை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

பழைய காலத்தில் பயிற்சி சிறப்பாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது என்ற பேச்சில் பாதிதான் உண்மை. பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் என்ற டைவிங் சங்கம் 1953இல் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 1950களின் நடுவில் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சியைத் தொடங்கியது. 1960இல் 'நாவி' (NAUI), 1966இல் 'பாடி' (PADI) என்ற பயிற்சி அமைப்புகள் வந்தன. அந்தக் காலத்துக் கோர்ஸ்கள் வாரக்கணக்கில் நீண்டன. கடற்படை வாசனை அடித்தன. நீருக்கடியில் மாஸ்க்கைப் பிடுங்குவார்கள், காற்றை மூடிவிடுவார்கள். தாக்குப்பிடித்தவர்கள் நல்ல டைவர் ஆனார்கள். தாக்குப்பிடிக்காதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களில் எத்தனை பேர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அருமையாக வந்திருப்பார்கள்! அப்போது பிசிடியும், சிலிண்டரில் மீதியுள்ள காற்றைக் காட்டும் அழுத்தமானியும் பொதுவழக்கில்கூட இல்லை. அவ்வளவு கடினமான பயிற்சிக்கு அந்தக் கருவிகளின் போதாமையும் ஒரு காரணம். கருவி நல்லதாக ஆக, கோர்ஸ் சுருங்கியது. சுருங்கியபோது வீண் முரட்டுத்தனம் போனது, அது நல்லது. கூடவே திரும்பத் திரும்பச் செய்து பழகும் நேரமும் போனது. அந்த இழப்பை இன்னும் யாரும் ஈடுகட்டவில்லை.

இன்றைய விதிகள் காகிதத்தில் மோசமில்லை. தன்னிச்சையாக டைவ் செய்யும் நிலைக்கு ஐஎஸ்ஓ 24801 என்ற சர்வதேசத் தரநிலையின் இரண்டாம் பகுதி இருக்கிறது. பெரிய அமைப்புகளின் ஓபன் வாட்டர் கோர்ஸ்கள் அதற்கு ஒத்துப்போகின்றன. 'பாடி' 2014 வாக்கில் தன் ஓபன் வாட்டர் கோர்ஸைத் திருத்தியபோது மிதவைக்கும் (ஏறாமல் இறங்காமல் நிற்பதற்கும்) உடலைக் கிடையாக வைப்பதற்கும் கூடுதல் அழுத்தம் கொடுத்தது. இத்தனை நாள் நடத்த வேண்டும் என்பதைவிட, மாணவர் தடுமாறாமல் திரும்பச் செய்துகாட்ட வேண்டும் என்பதே விதி. சரி, செய்துகாட்டிவிட்டார் என்று யார் முடிவு செய்வது? தண்ணீருக்கடியில் தனியாக இருக்கும் ஒரே இன்ஸ்ட்ரக்டர். மேலே அடுத்த குழு காத்திருக்கிறது, மாணவருக்கு நாளை ஊர் திரும்ப வேண்டும், கார்டு கிடைக்காவிட்டால் அவர் முகம் வாடும். அந்த நிமிடத்தில் "இன்னும் இரண்டு டைவ் தேவை" என்று சொல்லத் தைரியமும் அனுபவமும் வேண்டும்.

அனுபவம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 'பாடி'யின் இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு உட்காரக் குறைந்தபட்சம் 100 டைவ் போதும். இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸில் சேர, டைவராகி 6 மாதம் ஆகியிருந்தால் போதும். அந்த எண்ணிக்கையில் நல்ல ஆசிரியராக இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பொதுவாக 100 டைவில் ஒருவர் தன் மிதவையைத்தான் சரிசெய்துகொண்டிருப்பார். தானே அசையாமல் நிற்கத் தெரியாதவர் மற்றவருக்கு எப்படிக் காட்டுவார்?

மாணவர் பக்கம் இன்னொரு சிக்கல். மற்ற எந்தச் சேவையிலும் மோசமானதை அனுபவித்தவருக்குக் கொஞ்சமாவது தெரிந்துவிடும். இங்கே முதல் கோர்ஸை எடுப்பவருக்கு ஒப்பிட ஒன்றுமே இல்லை. இன்ஸ்ட்ரக்டர் அன்பாகப் பேசினார், ஆமையைக் காட்டினார், பயமில்லாமல் பார்த்துக்கொண்டார், மாணவர் மகிழ்ச்சியாகத் திரும்பினார். அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் 10 கிலோவில் இறங்கினோமா 6 கிலோவில் இறங்கினோமா என்பது அந்த மகிழ்ச்சியில் தெரியாது. சுருதி கேட்காமல் பாடிப் பழகியவருக்குத் தான் விலகிப் பாடுவது காதில் விழாது, அதுபோலத்தான் இதுவும். கடலும் மதிப்பெண் போடாது. மோசமாக டைவ் செய்தாலும் மீன்கள் அதே மீன்கள்.

அப்புறம் அந்த 'அட்வான்ஸ்டு' என்ற சொல். ஆழ டைவ், திசையறிதல், கூட விருப்பப்பட்ட மூன்று என்று ஐந்து டைவ். முதல் கோர்ஸ் முடிந்த மறுநாளே சேரலாம். வாழ்க்கையில் மொத்தம் 9 டைவ் போட்டவர் கையில் 'முன்னேறியவர்' என்று கார்டு இருக்கும், 30 மீட்டர் வரை போகலாம் என்றும் இருக்கும். கோர்ஸின் உள்ளடக்கம் பரவாயில்லை, பெயர்தான் கெடுக்கிறது. "நான் ஏற்கெனவே அட்வான்ஸ்டு" என்று நினைப்பவருக்கு அடிப்படையை மறுபடி பழக வேண்டும் என்று ஏன் தோன்றப்போகிறது? ஆர்வத்தைக் கொல்வது சோம்பல் என்கிறோம். பல நேரம் அதைக் கொல்வது சீக்கிரமே கொடுத்துவிட்ட பட்டம்.

ஆர்வத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொன்னதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். 1977இல் ஹாப்சன் பிரையன் என்பவர் தூண்டில் போட்டு ட்ரவுட் மீன் பிடிப்பவர்களை ஆராய்ந்து, ஒரே பொழுதுபோக்குக்குள்ளே எப்போதாவது வருகிறவரிலிருந்து அதிலேயே ஊறிப்போனவர் வரை ஒரு நீண்ட வரிசை இருக்கிறது என்று காட்டினார். எல்லோரும் கடைசிவரை போவதில்லை, போகவேண்டும் என்றும் இல்லை. டைவிங்கும் அப்படியே. வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் ஐந்து டைவ் போடுகிறவரிடம் குகை டைவரின் ஒழுங்கைக் கேட்பது நியாயமில்லை. இரண்டாவது, எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் சொன்னது: மனிதர்கள் உள்ளிருந்து ஊக்கம் பெற, தானே தீர்மானிக்கும் சுதந்திரம், "எனக்கு வருகிறது" என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஒட்டுறவு ஆகிய மூன்றும் வேண்டும்.

இந்த மூன்றையும் வழக்கமான விடுமுறை டைவில் வைத்துப் பாருங்கள். எங்கே போவது, எவ்வளவு ஆழம், எப்போது திரும்புவது எல்லாமே வழிகாட்டி முடிவு. கருவியைப் பூட்டுவதும் அவிழ்ப்பதும் படகுப் பணியாளர்கள். காற்றைக்கூட வழிகாட்டி வந்து கேட்டுப் பார்க்கிறார். கூட இறங்குபவர் அன்று காலை அறிமுகமானவர், நாளை இருக்கமாட்டார். இப்படி ஒருவரை 40 டைவ் சுமந்து கொண்டுபோய்விட்டு, "இவருக்கு ஆர்வமே இல்லை" என்றால் எப்படி? பிரிட்டிஷ் கிளப் முறையில் சம்பளம் வாங்காத இன்ஸ்ட்ரக்டர்கள் வாரா வாரம் அதே ஆட்களோடு இறங்குகிறார்கள். அதில் வேறு சிக்கல்கள் உண்டு, வேகம் குறைவு. ஆனால் போன வாரம் உன் கால் தாழ்ந்திருந்தது என்று சொல்ல அங்கே ஒருவர் இருக்கிறார்.

தானாக முன்னேறுகிறவர்களை நான் அதிகம் பார்த்தது நீருக்கடியில் படம் எடுக்கிறவர்களிடம்தான். சிலர் பவளத்தின்மேல் படுத்துக்கொண்டு படம் எடுப்பார்கள், அவர்களைத் தடுக்க வேண்டும். ஆனால் ஒரு விரல் நீள மீனை எடுக்க முயன்று, ஐம்பது படமும் கலங்கிப்போன ஒருவர் தானே வந்து கேட்பார்: "அசையாமல் நிற்பது எப்படி?" அவருக்கு ஒரு தேவை இருக்கிறது, தோற்றால் உடனே தெரிகிற கண்ணாடியும் கையில் இருக்கிறது. ஆர்வம் என்று ஒன்றைத் தனியாக ஊட்டவே வேண்டாம். நான் முதலில் சொன்ன அந்த 60 டைவ்காரர் 4 கிலோவைக் கழற்றிய பிறகு மறுபடி இறங்கினார். ஒரு மீட்டர் உயரத்தில், மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏறி, விட்டால் ஒரு சாண் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் நின்றார். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும், "60 டைவா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?" என்று கேட்டார். மறுநாள் மீன் பார்க்கப் போகாமல் அதே மணல்திட்டுக்கு வரலாமா என்றும் கேட்டார். முந்தைய நாள்வரை அவரும் ஆர்வமில்லாதவர்கள் பட்டியலில்தான் இருந்திருப்பார்.

இதெல்லாம் அழகுக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். டைவிங் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் சார்பில் 2008இல் வந்த ஆய்வு ஒன்று, 1992 முதல் 2003 வரையிலான 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை அலசியது. விபத்தின் முதல் பொறி என்னவென்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்று போதாமை, 20 சதவீதம் எதிலாவது சிக்கிக்கொண்டது, 15 சதவீதம் கருவிக் கோளாறு. அடுத்த கட்டத்தில், அதாவது சிக்கலை ஆபத்தாக மாற்றியதில், முதலிடம் அவசரமாக மேலேறியது. காற்று தீர்வது திடீரென நடக்கிற விஷயமே இல்லை. அழுத்தமானி முழு நேரமும் கையருகில் இருக்கிறது.

காற்றுக் கணக்கு பல கோர்ஸ்களில் "50 பாரோடு படகுக்கு வா" என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த 50 பார் எங்கே போதும், எங்கே போதாது என்று ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். 20 மீட்டரில் கூட இருப்பவருக்குக் காற்று நின்றுவிட்டது, இரண்டு பேரும் உங்கள் சிலிண்டரில். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 25 லிட்டர் என்று வைத்தால் இருவருக்கும் 50. அங்கே 3 பார் அழுத்தம், அதனால் மூன்று மடங்கு காற்று போகும். நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம் என்றால் 150 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற இரண்டரை நிமிடம் வைத்துக்கொள்வோம், வழியில் சராசரி 2 பார்: 250 லிட்டர். மேலேறும்போது வழக்கமாகச் செய்யும் பாதுகாப்பு நிறுத்தம், 5 மீட்டரில் மூன்று நிமிடம், 1.5 பார்: 225. கூட்டினால் 625 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது 52 பார். அதாவது 20 மீட்டரில் 50 பாரைக் காட்டும்போது நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இதையே 30 மீட்டருக்குப் போட்டால் 70 பாருக்கு மேல் வரும். அந்த எண்ணில் அழுத்தமானி நிற்கும்போது ஏறத் தொடங்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு ஏறுவதைப் பற்றி யோசித்தால் போதும் என்று இருக்கக் கூடாது. மூன்று பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு வகுத்தல், பள்ளிக் கணக்குதான். இதைச் சொல்லிக்கொடுத்தபோது எந்த மாணவரும் கொட்டாவி விட்டதில்லை. மாறாக, "இதை ஏன் எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை?" என்று கோபப்பட்டவர்கள் உண்டு.

கோபப்பட்டவர்கள்தான் பிறகு நன்றாகத் தேறினார்கள். கோபப்படாதவர்களிடம் வேறொரு ஆபத்து வளர்கிறது. 40 பாரோடு ஏறினார், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை 30. கூட வந்தவரைத் தொலைத்துவிட்டார், மேலே வந்து சந்தித்தார், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு முறையும் "இப்படிச் செய்யலாம்" என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. 1986இல் வெடித்த சேலஞ்சர் விண்கலத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், விலகல் எப்படி மெல்ல மெல்ல வழக்கமாகிவிடுகிறது என்று விளக்கினார். டைவ் படகுகளில் அது தினமும் நடக்கிறது. 500 டைவ் போட்டவர் என்ற மரியாதைக்குள் சில நேரம் ஒரே தவறை 500 முறை செய்த கதை இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சந்தேகம் வந்திருக்கிறது என்பதே பாதி வேலை. இனி இன்னொரு கார்டு வாங்க ஓட வேண்டாம். முதலில் ஆழமில்லாத, அமைதியான இடத்தில், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, எடையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டைவ் முடிந்து சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது பார்ப்பது இன்னும் துல்லியம்: பிசிடியைக் காலி செய்து, சாதாரண மூச்சோடு கண்மட்டத்தில் மிதந்து, மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். உடையும் சிலிண்டரும் உப்புநீரும் மாறும்போதெல்லாம் மறுபடி. எண்ணை லாக்புக்கில் (டைவ் குறிப்பேடு) எழுதிவையுங்கள். என்னைக் கேட்டால் லாக்புக்கில் மீன் பெயரைவிட அவசியமான வரி அதுதான்.

ஒரு டைவுக்கு ஒரு விஷயம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கால்: முழங்காலை மடக்கி, தவளை நீந்துவது போல உதைத்து, உதைக்கு உதை சறுக்கிப் போவது. நாளை காற்று: அழுத்தமானியைப் பார்க்கும் முன்பே எவ்வளவு இருக்கும் என்று மனதில் சொல்லிவிட்டுப் பார்ப்பது, பத்து டைவில் உங்கள் ஊகம் 10 பாருக்குள் வந்துவிடும். இன்னொரு நாள் கூட இறங்குபவரோடு காற்றுப் பகிர்வு. படகில் ஒருமுறை, 5 மீட்டரில் மிதந்தபடி ஒருமுறை. புதியவரோடு இறங்குகிறீர்கள் என்றால் "நாம இதை ஒருமுறை செஞ்சு பார்த்துடலாமா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் கேட்டு யாரும் மறுத்ததில்லை. பலருக்கு நிம்மதிதான்.

பணம் செலவழித்து ஒருவரிடம் கற்பதானால் அட்டையில் இருக்கும் அமைப்பின் பெயரைவிட ஆளைப் பாருங்கள். அவர் நடத்தும் வகுப்பை முடிந்தால் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்: மாணவர்கள் மிதக்கிறார்களா, மண்டியிட்டிருக்கிறார்களா? ஒரு நேரத்தில் எத்தனை பேர்? பெரும்பாலான விதிகள் கடலில் எட்டுப் பேர்வரை அனுமதிக்கும். நான்குக்கு மேல் வைக்காதவரைத் தேடுங்கள். "யாருக்காவது கார்டு தராமல் இன்னும் பழகச் சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் போகலாம். டைவை வீடியோ எடுத்துக் காட்டுபவராக இருந்தால் இன்னும் நல்லது. குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ் அமைப்பின் அடிப்படைக் கோர்ஸ் இதற்குப் பேர்போனது. அங்கே தேறாமல் போவதும் சாதாரணம், அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுடைய கருவி ஒழுங்கு எல்லோருக்கும் தேவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேறாமல் போகக்கூடிய ஒரு கோர்ஸில் உட்கார்ந்தால், மற்ற கோர்ஸ்களில் எதை விட்டோம் என்று புரியும்.

இதற்கெல்லாம் நேரமில்லை, வருடத்துக்கு நான்கு டைவ்தான் என்பவர்கள் உங்கள் படகில் எப்போதும் இருப்பார்கள். அவர்களைக் குறையாகப் பார்க்காதீர்கள். 12 மீட்டரில், நல்ல வழிகாட்டியோடு, சரியான எடையோடு, காற்று எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து டைவ் செய்கிறவர் எனக்கு முழு டைவர்தான். இடைவெளி விழுந்தால் ஒரு டைவைப் பழகிக்கொள்ள ஒதுக்கச் சொல்லுங்கள், அது போதும்.

அடுத்த டைவில் ஒன்று செய்யுங்கள். மேலேறும் வழியில் 5 மீட்டர் நிறுத்தம் வரும். நீரோட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, கயிற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, பிடிக்காமல் நில்லுங்கள். கைகளைக் கோத்துக்கொள்ளுங்கள், மூச்சை மட்டும் அடக்காதீர்கள். அந்த மூன்று நிமிடத்தையும் கூட இறங்கியவரைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். படகில் ஏறியதும் முழங்கால் எங்கே இருக்கிறது, கை எத்தனை முறை பிரிந்தது, ஆழம் எவ்வளவு ஏறி இறங்கியது என்று பாருங்கள். அரை மீட்டருக்குள் நின்றிருந்தால் உங்கள் சந்தேகம் வீண். இரண்டு மீட்டர் ஆடியிருந்தால் எடையிலிருந்து தொடங்குங்கள்.